மேற்கிந்தியத் தீவுகளின் பழைய படங்கள்: பார்ப்பது எப்படி?

மேற்கிந்தியத் தீவுகள் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கிரிக்கெட். அடுத்தது தென்னை மரம், நீலக் கடல், வெள்ளை மணல். கிரிக்கெட் பெயரை அந்த மக்கள் ஆடிச் சம்பாதித்தார்கள். தென்னை மரத்தையும் மணலையும் நம் மனதில் பதித்ததில் பெரிய பங்கு அஞ்சலட்டைகளுக்கு உண்டு. 1890-களிலிருந்து ஏறக்குறைய 1930-கள் வரை ஜமைக்கா, பார்படோஸ், மார்ட்டினிக், ட்ரினிடாட் என்று தீவு தீவாகப் படம் எடுத்து, அச்சடித்து, கப்பலில் வந்து இறங்கியவர்களிடம் விற்றார்கள். அவற்றில் ஆயிரக்கணக்கானவை இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பார்க்க அழகாகவும் இருக்கின்றன. ஆனால் ‘அந்தக் காலத்து வாழ்க்கை இதுதான்’ என்று நம்பிவிட்டால் ஏமாந்துபோவோம்.

ஒரு பழைய அட்டை முதலில் ஒரு சரக்கு. யாரோ ஒருவர், யாருக்கோ விற்பதற்காகச் செய்தது. இதை மறக்காமல் பார்த்தால், விற்றவர் காட்ட நினைக்காத விஷயங்கள் படத்தின் ஓரங்களில் தெரிய ஆரம்பிக்கும். வெறும் கால்கள், வீட்டுக்கு அடியில் கிடக்கும் கற்கள், பின்னால் நிழலில் நிற்கும் கணக்குப்பிள்ளை. அன்றாட வாழ்க்கை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

காமிரா வந்த நேரம்

பாரிஸில் டாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. அதற்கு முந்தைய ஆண்டு, 1838 ஆகஸ்ட் 1 அன்றுதான், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தீவுகளில் அடிமைகளாக இருந்தவர்கள் முழு விடுதலை பெற்றார்கள். அடிமைச் சட்டம் 1834-லேயே முடிந்திருந்தாலும், ‘தொழில் பழகுதல்’ என்ற பெயரில் நான்கு ஆண்டுகள் பழைய முதலாளிகளிடமே வேலை செய்ய வைத்திருந்தார்கள். ஆகவே ஜமைக்காவிலோ பார்படோஸிலோ அடிமை முறை நடப்பில் இருந்ததைக் காட்டும் புகைப்படம் என்று எதுவும் இருக்க முடியாது. அப்படித் தலைப்பிட்டு யாராவது பகிர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

மற்ற ஆட்சிகளில் கணக்கு வேறு. பிரெஞ்சு, டேனிஷ் தீவுகளில் 1848, டச்சுத் தீவுகளில் 1863, புவேர்ட்டோ ரிக்கோவில் 1873, கியூபாவில் 1886. கியூபாவில் காமிராவும் அடிமை முறையும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அருகருகே இருந்திருக்கின்றன. இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 1890-இல் எடுத்த ஒரு ஜமைக்காப் படத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் நின்றால், அவர் அடிமையாகப் பிறந்தவராக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அட்டையில் அச்சிட்டிருக்கும் வரி அதைச் சொல்லாது.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் குடியேறிய அடோல்ஃப் டுபெர்லி என்ற பிரெஞ்சுக்காரர் 1840-களிலேயே நகரின் தெருக்களை டாகேர் முறையில் படம் பிடித்து, அவற்றைக் கல்லச்சு ஓவியங்களாக்கி வெளியிட்டார். அவருடைய வாரிசுகள் அந்தத் தொழிலை இருபதாம் நூற்றாண்டு வரை நடத்தினார்கள். ஆனால் தொழில் எளிதாக இல்லை. 1851-க்குப் பிறகு பரவிய ஈரத்தகடு முறையில், கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். வெயில் காயும் தீவில் தகடு இன்னும் வேகமாகக் காயும். இருட்டுக் கூடாரத்தைச் சுமந்துகொண்டே ஊர் சுற்ற வேண்டும். அசைந்தவர்கள் படத்தில் புகைபோலக் கலங்கிவிடுவார்கள். ஆரம்பகாலப் படங்களில் சந்தைத் தெரு காலியாகத் தெரிந்தால், ஊர் அடங்கிக் கிடந்ததாக நினைக்க வேண்டாம். நடந்தவர்கள் யாரும் பதிவாகவில்லை, அவ்வளவே. 1880-களில் உலர்தகடு, 1888-இல் கோடாக், 1900-இல் ஒரு டாலர் விலையில் பிரவுனி காமிரா என்று வந்த பிறகுதான் நடமாட்டமும் சிரிப்பும் படத்துக்குள் வருகின்றன.

யார் செலவில், யாருக்காக?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தத் தீவுகள் நொடித்துப்போயிருந்தன. ஐரோப்பாவில் பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கத் தொடங்கியதும் கரும்புச் சர்க்கரையின் விலை விழுந்தது. பிழைக்க வேறு வழி தேட வேண்டியிருந்தது. ஜமைக்காவுக்கு அந்த வழி வாழைப்பழமாக வந்தது. லாரன்சோ டவ் பேக்கர் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் 1870-களில் ஜமைக்கா வாழைத்தார்களை அமெரிக்காவுக்கு ஏற்றத் தொடங்கினார். 1885-இல் பாஸ்டன் ஃப்ரூட் கம்பெனி. 1899-இல் அது வேறு கம்பெனிகளோடு சேர்ந்து யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியாக மாறியது. பழத்தை வடக்கே கொண்டுபோன கப்பல், திரும்பும்போது எதை ஏற்றி வரும்? குளிருக்குப் பயந்த பணக்காரப் பயணிகளை ஏற்றி வந்தது. அவர்கள் தங்குவதற்கு போர்ட் அன்டோனியோவில் டிச்ஃபீல்டு ஹோட்டலையும் வாழைக் கம்பெனிக்காரர்களே நடத்தினார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் வெள்ளையரை வாரிக்கொண்டு போகும் இடம் என்றுதான் இந்தத் தீவுகளுக்கு அதுவரை பெயர். இந்தப் பயத்தைப் போக்க வேண்டும். சுத்தமான சாலை, வெட்டிச் சீராக்கிய தோட்டம், பணிவாகக் கும்பிடு போடும் மக்கள், எங்கும் பசுமை. 1891-இல் கிங்ஸ்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சிக் காலத்திலிருந்து இப்படிப்பட்ட படங்கள் பெருகுகின்றன. புகைப்படக்காரர்களுக்குக் காசு கொடுத்தவர்கள் கப்பல் கம்பெனிகள், ஹோட்டல்கள், அரசு, பயணிகள். சாலைக்குப் பின்னால் இருந்த சாக்கடையைப் படமெடுக்க யாரும் காசு கொடுக்கவில்லை.

இந்தப் படங்களில் ‘இயற்கை’ என்று காட்டப்படும் பசுமையும் வேடிக்கையானது. கரும்பு, வாழை, தென்னை எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. மாங்கன்று ஜமைக்காவுக்கு வந்தது 1782-இல், ஆங்கிலேயர் பிடித்த ஒரு பிரெஞ்சுக் கப்பலில். ஈரப்பலா 1793-இல் தாஹிதியிலிருந்து கப்பல் தலைவர் பிளை கொண்டுவந்தது. அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட வேண்டும் என்பதே நோக்கம். அட்டைகளில் அலுக்காமல் வரும் விசிறிவாழைக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர்.

தலைச்சுமை

அன்றாட வாழ்க்கையைத் தேடுபவர்கள் முதலில் தலைகளைப் பார்க்க வேண்டும். இந்தப் படங்களில் தலையில் சுமை இல்லாத உழைக்கும் பெண்களைக் காண்பது அரிது. துணியையோ வாழைச் சருகையோ சுருட்டிச் செய்த சும்மாடு, அதன்மேல் கூடை, கூடையில் கிழங்கு, பழம், கோழி, சில நேரம் நிலக்கரி.

வாழைத்தார் ஏற்றும் படம் ஜமைக்காவில் மிகப் பிரபலம். தார் சுமக்கும் பெண்கள் வரிசையாகக் கப்பலை நோக்கிப் போவார்கள். ஒரு பக்கத்தில் கணக்குப்பிள்ளை நிற்பார். ஒன்பது சீப்பு இருந்தால்தான் முழுத்தார் என்று கணக்கு. சீப்பு குறைந்தால் விலையும் குறையும். கப்பல் வந்து நின்றால் இரவெல்லாம் ஏற்றுமதி நடக்கும். ஆனால் அட்டையில் எப்போதும் நல்ல பகல் வெளிச்சம், ஒழுங்கான வரிசை. காமிராவுக்காக வேலையை நிறுத்தி நிற்கவைத்த வரிசை அது. சுமந்தபடி எத்தனை நிமிடம் நின்றார்களோ என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

நிலக்கரிப் படங்கள் இதைவிடக் கடுமையானவை. நீராவிக் கப்பல்களின் காலத்தில் செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரீஸ், மார்ட்டினிக்கின் ஃபோர்-டி-ஃபிரான்ஸ், அன்று டென்மார்க்கிடம் இருந்த செயின்ட் தாமஸ் ஆகிய துறைமுகங்களில் கப்பல்கள் கரி ஏற்ற நின்றன. கூடை கூடையாகக் கரியைத் தலையில் ஏற்றிப் பலகைமேல் ஏறிக் கொட்டியவர்களில் பெண்களே அதிகம். பயணிகள் மேல்தளத்தில் நின்று இதை வேடிக்கை பார்ப்பார்கள், அட்டையும் வாங்குவார்கள். அட்டையில் இந்தப் பெண்கள் ஒரு ‘காட்சி’. ஆனால் செயின்ட் தாமஸில் 1892-இல் மதிப்பிழந்த மெக்சிகோ வெள்ளி நாணயத்தில் கூலி கொடுத்ததை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களும் இந்தக் கரி சுமந்த தொழிலாளர்கள்தான். முன்னால் நின்று நடத்திய கோசியா என்ற பெண்ணை ஊர் இன்றும் ‘ராணி’ என்று சொல்கிறது.

சந்தைப் பெண்களின் கதை இன்னும் பழையது. அடிமைக் காலத்திலேயே, தோட்ட முதலாளிகள் உணவுச் செலவைக் குறைக்க, மலைச்சரிவில் துண்டு நிலம் கொடுத்து ‘உங்களுக்கு வேண்டியதை நீங்களே விளைவித்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டார்கள். மிஞ்சியதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றார்கள். சட்டப்படி தங்கள் உடலே தங்களுக்குச் சொந்தமில்லாதவர்கள், கையில் காசு புழங்க ஒரு சந்தையை உருவாக்கிக்கொண்டார்கள். ஜமைக்காவில் ஹிக்ளர் என்று அழைக்கப்படும் பெண் வியாபாரிகள் அந்த மரபின் தொடர்ச்சி. கழுதையின் இரண்டு பக்கமும் கூடை தொங்க, மலைப்பாதையில் இறங்கி வரும் பெண்ணின் படத்தை ‘அழகிய கிராமியக் காட்சி’ என்று அட்டை சொல்லும். அவர் முதல் போட்டு, விலை பேசி, லாப நஷ்டம் பார்க்கும் வியாபாரி.

தலைத்துணியும் காமிராவின் கண்ணும்

மார்ட்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா படங்களில் பெண்கள் தலையில் கட்டியிருக்கும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் மெட்ராஸ். சென்னை வட்டாரத்துத் தறிகளில் நெய்து ஐரோப்பிய வணிகக் கப்பல்களில் அட்லாண்டிக்கைக் கடந்த கைத்தறித் துணி அது. ஜமைக்காவில் சிவப்பும் வெள்ளையும் கட்டமிட்ட வகைக்கு பண்டானா என்று பெயர். அதுவும் அங்கிருந்து போனதே. இன்று இந்தத் தீவுகள் பலவற்றின் தேசிய உடை இந்தத் துணியில்தான் தைக்கப்படுகிறது.

மார்ட்டினிக்கில் ஒரு படி மேலே போனார்கள். துணியில் இருக்கும் மஞ்சள் போதவில்லை என்று, மஞ்சள் கோடுகளின்மேல் தூரிகையால் குரோம் மஞ்சள் பூசிப் பளிச்சென்று ஆக்கித் தருவதையே தொழிலாகச் செய்த பெண்கள் இருந்தார்கள். கட்டும் விதத்திலும் சேதி உண்டு என்பார்கள். துணி முனை ஒன்று மேலே நின்றால் மனம் காலியாக இருக்கிறது, இரண்டு என்றால் பேச்சு முடிந்துவிட்டது, மூன்று என்றால் கல்யாணமானவள், நான்கு என்றால் முயன்று பார்க்கலாம். நடைமுறையில் இது எவ்வளவு கறாராக இருந்ததோ, சுற்றுலா வழிகாட்டிகளுக்கு மட்டும் மிகப் பிடித்த கதை.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்பச் செய்தியைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தக் காலத் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக மசியும். நீலம் வெளுத்துவிடும், மஞ்சளும் சிவப்பும் கறுத்துவிடும். காசு கொடுத்துப் பூசிய அந்தப் பளீர் மஞ்சள், புகைப்படத்தில் மங்கிய கறுப்புக் கோடாகத் தெரியும். வானத்தில் மேகமே இருக்காது. மனிதர்களின் பழுப்புத் தோலும் இருந்ததைவிடக் கறுப்பாகவே பதிவாகும். சரி, வண்ணம் தீட்டிய அட்டைகளை நம்பலாமா என்றால் அதுவும் கூடாது. பல அட்டைகள் ஜெர்மனியில் அச்சானவை. அந்தத் தீவைக் கண்ணால் பார்த்திராத தொழிலாளி ஒருவர் தன் யோசனைக்கு எட்டியபடி பச்சையும் சிவப்பும் போட்டிருப்பார். நெசவுக் கட்டத்தையும் முடிச்சையும் நம்பலாம், நிறத்தை நம்பக்கூடாது.

வீட்டுக்கு அடியில் என்ன?

பார்படோஸ் படங்களில் சிறிய மரவீடுகள் வரும். நடுவில் கதவு, இரண்டு பக்கமும் சன்னல், செங்குத்தான கூரை. அடித்தளத்தைப் பாருங்கள்: சுண்ணாம்பு பூசாத கற்களை அடுக்கி, அதன்மேல் வீட்டைத் தூக்கி வைத்திருப்பார்கள். காரணம் கொடியது. விடுதலைக்குப் பிறகும் நிலமெல்லாம் தோட்ட முதலாளிகளிடமே இருந்தது. தோட்டத்தில் வேலை செய்தால்தான் மனையில் குடியிருக்கலாம்; முதலாளியோடு தகராறு என்றால் காலி செய்ய வேண்டும். நிலம் அவருக்கு, வீடு தொழிலாளிக்கு. ஆகவே பலகை பலகையாகக் கழற்றி வண்டியில் ஏற்றி வேறிடத்தில் பூட்டிக்கொள்ளும்படி வீட்டைக் கட்டினார்கள். சாட்டல் வீடு என்று பெயர். நல்ல தச்சுவேலை, கச்சிதமான அளவு என்று கட்டடக் கலைஞர்கள் இன்று புகழ்கிறார்கள். புகழட்டும், தப்பில்லை. ஆனால் அந்த அழகு எந்த நெருக்கடியில் பிறந்தது என்பதற்குச் சாட்சி அந்தக் கற்கள்.

ஒரு நகரம் இருந்ததற்கு ஆதாரம்

மார்ட்டினிக்கின் செயின்ட் பியேர் நகரை ‘கரீபியனின் பாரிஸ்’ என்பார்கள். நாடக அரங்கு, தாவரவியல் தோட்டம், கல்தெருக்கள். ரோக்ஸெலான் ஆற்றில் துணி துவைக்கும் பெண்கள் பாறைகள்மேல் துணியை விரித்துக் காயப்போடும் படம், அந்த ஊரின் மிகப் பிரபலமான அட்டைகளில் ஒன்று. 1902 மே 8 காலையில் பெலே எரிமலை வெடித்தது. சில நிமிடங்களில் நகரம் எரிந்து முடிந்தது. சுமார் 28,000 பேர் இறந்தார்கள். நிலவறை போன்ற சிறைக் கொட்டடியில் கிடந்த சிபாரிஸ் என்ற கைதி தீக்காயங்களோடு பிழைத்தார். பிறகு அமெரிக்க சர்க்கஸ் கம்பெனியொன்று அவரை ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தது.

பேரழிவுக்குப் பிறகு உலகெங்கிலுமிருந்து புகைப்படக்காரர்கள் ஓடிவந்தார்கள். இரட்டைப் படங்களைக் கண்ணாடிவழி பார்த்தால் முப்பரிமாணமாகத் தெரியும் ஸ்டீரியோ அட்டைகளில் இடிபாடுகள் அமெரிக்க வீடுகளின் வரவேற்பறை வரை போய்ச் சேர்ந்தன. அதைவிட முக்கியமானவை, அதுவரை சாதாரணமாக விற்றுக்கொண்டிருந்த பழைய அட்டைகள். அந்தத் துவைக்கும் பெண்கள், அந்தக் கடைத்தெரு, அந்தத் துறைமுகப் பீப்பாய்கள் எல்லாம் ஒரே காலையில் ஆவணமாகிவிட்டன. பயணிகளுக்கு விற்கச் செய்த சரக்குதான், ஆனால் அந்த நகரத்து மக்கள் எப்படி நடந்தார்கள் என்று காட்ட வேறு அதிகம் மிச்சமில்லை. ஆகவே, வியாபாரப் படம் என்பதற்காக ஒன்றை ஒதுக்கிவிடவும் முடியாது.

பெயரில்லாதவர்கள்

அட்டைகளில் இடத்துக்குப் பெயர் உண்டு, ஹோட்டலுக்குப் பெயர் உண்டு; மனிதர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. ‘சந்தைக்காரி’, ‘கரும்பு வெட்டுபவர்கள்’, ‘கூலிப் பெண், ட்ரினிடாட்’.

கடைசியாகச் சொன்ன தலைப்பு நம்மைக் கொஞ்சம் நிறுத்தும். 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக ட்ரினிடாடுக்குப் போனவர்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வடக்கிலிருந்து. ஒரு பகுதியினர் சென்னை வழியாக. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஸ்டூடியோ வைத்திருந்த ஃபெலிக்ஸ் மோரின் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியப் பெண்களை உட்காரவைத்து எடுத்த படங்கள் அட்டைகளாக உலகம் சுற்றின. முழங்கை வரை வெள்ளிக் காப்பு, மூக்குத்தி, நாணயம் கோத்த மாலை. வாங்கியவர்களுக்கு அது கிழக்கத்திய அழகு. அணிந்தவருக்கு அது வங்கிக் கணக்கு: கூலியாகக் கிடைத்த நாணயங்களைப் பொற்கொல்லரிடம் கொடுத்து உருக்கி, உடம்பிலேயே வைத்துக்கொண்ட சேமிப்பு.

தமிழர்கள் அதிகம் போனது பிரெஞ்சுத் தீவுகளுக்கு. 1853 முதல் மார்ட்டினிக்குக்குச் சுமார் 25,000 பேர், 1854 முதல் குவாதலூப்புக்கு 40,000-க்கும் மேல். நிறையப் பேர் கப்பல் ஏறியது புதுச்சேரியிலும் காரைக்காலிலும். மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் அங்கே இன்றும் கோயில் உண்டு, ஆட்டுப் பலி உண்டு. குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம், அங்கே பிறந்த இந்தியர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904-இல் தொடங்கி 1923 வரை வழக்காடி வென்றார். அதே ஆண்டுகளில் அச்சான அட்டைகளில் அவருடைய மக்கள் பெயரில்லாத உழைப்பாளிகளாகவே நிற்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதே ஸ்டூடியோக்களுக்குத் தீவு மக்களும் தங்கள் காசில் போனார்கள். பனாமா கால்வாய் வெட்டப்பட்ட 1904–1914 காலத்தில் பார்படோஸிலிருந்து மட்டும் சுமார் 20,000 பேர் ஒப்பந்தத்தில் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் நிலம் வாங்கியவர்கள் உண்டு, கோட்டும் சங்கிலியுமாகப் படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இந்தக் குடும்பப் படங்களில் செருப்பில்லாத கால் கிடையாது. கையில் புத்தகம் அல்லது குடை, பின்னால் வரைந்த திரை, அட்டையின் பின்பக்கம் பெயர். தாங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று தாங்களே முடிவு செய்த படங்கள். இரண்டு வகையையும் அருகருகே வைத்துப் பார்க்காதவர் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார். தீவுகளுக்கு அருகே, தென்னமெரிக்கக் கரையிலுள்ள சுரினாமின் பரமரிபோ நகரில் அகஸ்டா குரியேல் என்ற பெண், தங்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டூடியோ நடத்தினார். பள்ளிக் குழந்தைகள், திருமணங்கள், தெருக்கள் என்று அவர் எடுத்தவற்றில் உள்ளூர்க்காரரின் சகஜம் தெரியும்.

பின்பக்கத்தைத் திருப்புங்கள்

தேதி கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. அட்டையின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி சேதிக்கும் மறுபாதி முகவரிக்கும் என்று பிரித்திருக்கிறதா? பிரிட்டனில் இது அனுமதிக்கப்பட்டது 1902-இல், அமெரிக்காவில் 1907-இல். அதற்கு முன் பின்பக்கம் முகவரிக்கு மட்டும். சேதியை முன்பக்கத்தில், படத்தின் வானத்திலும் கடலிலும் கிறுக்கியிருப்பார்கள். தபால் முத்திரை அனுப்பிய தேதியைச் சொல்லும், எடுத்த தேதியைச் சொல்லாது. ஒரே நெகட்டிவைப் பதிப்பகங்கள் பல ஆண்டுகள் ஓட்டும்.

எங்கே பார்க்கலாம்? பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் காலனி அலுவலகத்தின் கரீபியன் படங்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அதிகாரிகள் எடுத்தவை என்பதால் பாலம், அலுவலகம், கவர்னர் வருகை அதிகம் இருக்கும். டொராண்டோவில் உள்ள ஒன்டாரியோ கலைக்கூடம் 2019-இல் 3,500-க்கும் மேற்பட்ட கரீபியன் படங்கள் கொண்ட தொகுப்பை வாங்கியது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த நகரத்தின் கறுப்பின, கரீபியன் சமூகத்தினர்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தை. ஜாக் டெலானோ என்ற புகைப்படக்காரர் 1941-இன் இறுதியில் அரசு வேலையாகப் போய், புவேர்ட்டோ ரிக்கோவிலும் வர்ஜின் தீவுகளிலும் எடுத்த படங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் சில அசல் வண்ணப்படங்கள், யாரும் பின்னால் தீட்டியவை அல்ல. அவரும் சம்பளத்துக்குத்தான் எடுத்தார், சம்பளம் கொடுத்த அரசுக்கும் ஒரு நோக்கம் இருந்தது. ஆனால் அவர் கரும்பு வெட்டுபவரின் வீட்டுக்கு உள்ளேயும் போனார், பிற்பாடு புவேர்ட்டோ ரிக்கோவிலேயே குடியேறியும் விட்டார். அவருடைய கரும்புத் தோட்டப் படம் ஒன்றை ஒரு சன்னலிலும், முப்பது ஆண்டு முந்தைய கரும்புத் தோட்ட அட்டை ஒன்றை இன்னொரு சன்னலிலும் திறந்து வையுங்கள். வெட்டுபவர்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், காமிராவையா கரும்பையா என்பதிலிருந்து தொடங்கலாம்.